கதைக்கட்டும் கணக்குப்பிள்ளைகளும்

சென்ற மாதக் கூட்டத்தில் (கூட்டம் என்பது பெரிய வார்த்தை. ஏழு பேர், ஒரு மொட்டை மாடி, இரண்டு பிளாஸ்க் டீ) நண்பர் ஒருவர் தம் சிறுகதையை மறுபடி படித்தார். இரண்டு வருஷத்துக்கு முன் இதே கதையை இதே மாடியில் அவர் படித்திருக்கிறார். அன்று கேட்டதும் நாங்கள் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். இந்தத் தடவை கேட்டதும் உடனே எல்லோரும் பேச ஆரம்பித்துவிட்டோம். இரண்டு கதைக்கும் உள்ள வித்தியாசம் இதிலேயே அடங்கிவிட்டது என்றாலும், விஷயம் அவரோடு முடிவதாக இல்லாததால் எழுத வேண்டியிருக்கிறது.

பழைய கதை இது. குடும்பப் பென்ஷன் வாங்கும் கிழவி ஒருத்தி, நவம்பர் மாதம், தான் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க மருமகளுடன் பாங்க்குக்குப் போகிறாள். இப்போதெல்லாம் கைரேகை எந்திரம். அரைத்தும் துவைத்தும் தேய்ந்துபோன விரல். எந்திரம் மூன்று முறை மறுக்கிறது. நான்காவது முறை ஏற்றுக்கொள்கிறது. அவ்வளவுதான். திரும்பி வரும் பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்து வெகு நேரம் ஒன்றும் பேசாமல் வந்தவள், இறங்க வேண்டிய ஸ்டாப்புக்குச் சற்று முன் மருமகளிடம் கேட்கிறாள்: "ஏண்டி, நம்பிட்டாங்களா?" கதை முடிகிறது. கவுண்டருக்கு இந்தப் பக்கம் வருஷா வருஷம் நவம்பரில் உட்கார்ந்திருப்பவன் நான். அந்தக் கேள்வியை ஒரு கிழவியும் என்னிடம் கேட்டதில்லை. ஆனால் ஒவ்வொருத்தியும் அதைத்தான் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள் என்பது நண்பரின் கதையைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

புதிய கதையில் கிழவி முதல் பக்கத்திலேயே கிணற்றில் விழுந்த ஆட்டுக்குட்டி ஒன்றைத் தூக்கிக் காப்பாற்றுகிறாள். மூன்றாம் பக்கத்தில் எந்திரம் மறுக்கிறது. ஆவணங்களின்படி அவள் இறந்து எட்டு மாதமாகிறது என்று அதிகாரி சொல்கிறார். பிறகு தாலுகா ஆபீஸ், ஒரு வக்கீல், பேரனின் பரீட்சைக் கட்டணம், ஓர் இரவு முழுக்க அழுகை, கடைசியில் கலெக்டரின் குறைதீர்க்கும் நாள். கிழவி ஜெயிக்கிறாள். கூடியிருந்தவர்கள் கை தட்டுகிறார்கள். (கதைக்குள் இருப்பவர்கள்; மாடியில் யாரும் தட்டவில்லை.)

ஏன் ஐயா இப்படிச் செய்தீர் என்று கேட்டேன். நண்பர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். இரண்டு நாள் பட்டறை ஒன்றுக்குப் பணம் கட்டிப் போய் வந்திருக்கிறார். அங்கே கொடுத்த தாள். குறுக்கே ஒரு கோடு; கோட்டை மூன்றாக வெட்டியிருக்கிறது; வெட்டிய இடங்களில் பக்க எண்கள்; மேலே அம்புக்குறிகள். "கட்டுமானம் இல்லாமல் கதை நிற்காதுப்பா" என்றார். அந்த வாக்கியத்தோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. அவருடைய முதல் கதைக்குக் கட்டுமானம் இல்லை என்று யார் அவருக்குச் சொன்னார்கள் என்பதுதான் என் சண்டை.

இந்தத் தாளுக்கு ஒரு வம்சாவளி உண்டு. பட்டறைக்காரர்கள் அதை அரிஸ்டாட்டிலிடமிருந்து ஆரம்பிப்பார்கள். ஆதி, நடு, அந்தம் என்று அந்த மனிதர் சொன்னது உண்மை. மூன்று அங்கம் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. எண்ணிச் சொன்ன இடத்தில் அவர் சொன்னது இரண்டுதான்: முடிச்சு விழுவது, முடிச்சு அவிழ்வது. ஐந்து அங்கம் என்று விதித்தவர் ரோமாபுரிக் கவி ஹொராஸ். அந்த ஐந்தையும் மலைபோல் படம் வரைந்து, ஏற்றம், உச்சி, இறக்கம் என்று 1863இல் பெயர் சூட்டியவர் ஜெர்மானியரான ப்ரைடாக். ஆக, பட்டறைத் தாளில் உள்ள மூன்று, பழைய மூன்று அல்ல. அது 1979இல் வெளிவந்த ஸிட் ஃபீல்டின் 'ஸ்க்ரீன்ப்ளே' என்ற புத்தகத்தின் மூன்று. திரைக்கதை என்பது 120 பக்கம். பக்கத்துக்கு ஒரு நிமிஷம். முதல் 30 பக்கம் அறிமுகம், அடுத்த 60 போராட்டம், கடைசி 30 தீர்வு. 25லிருந்து 27ஆம் பக்கத்துக்குள் ஒரு திருப்பம். 85லிருந்து 90க்குள் இன்னொன்று. இதையும் தாராளம் என்று நினைத்த ப்ளேக் ஸ்னைடர் 2005இல் பதினைந்து நிறுத்தங்களைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் பக்க எண் கொடுத்தார். அவர் புத்தகத்தின் பெயரே 'பூனையைக் காப்பாற்று'. நாயகன் ஆரம்பத்திலேயே பூனையைக் காப்பாற்றுவது போல ஏதாவது செய்தால் பார்வையாளனுக்கு அவனைப் பிடித்துப் போகும். நண்பரின் ஆட்டுக்குட்டி எந்தக் கிணற்றிலிருந்து வந்தது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஸிட் ஃபீல்டின் உத்தியோகம் என்ன என்பதை யாரும் கவனிப்பதில்லை. படக் கம்பெனி ஒன்றில் கதை இலாகாவில் உட்கார்ந்து, வந்து குவியும் திரைக்கதைகளைப் படித்து, மேலே அனுப்ப லாயக்கானவற்றைப் பொறுக்கிக் கொடுப்பது. ஆயிரக்கணக்கில் படித்தவர். அப்படிப் படிப்பவனுக்கு ஓர் அவசரம் உண்டு. பத்துப் பக்கத்துக்குள் யார், எங்கே, என்ன வேண்டும் என்று தெரிந்துவிட வேண்டும். இருபத்தைந்தாம் பக்கத்தில் வண்டி கிளம்பிவிட்டதா என்று புரட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். இது நியாயமான தேவைதான். நானும் அந்த ஜாதி. கடன் விண்ணப்பப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் என்ன நிரப்ப வேண்டும் என்று அச்சடித்திருப்பது விண்ணப்பிப்பவரின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள அல்ல; நிராகரிக்கிறவனுக்கு நேரம் மிச்சமாவதற்கு. அந்தப் படிவத்தை எடுத்துக்கொண்டு போய், இதுதான் மனித வாழ்க்கையின் வடிவம் என்று யாராவது வகுப்பு நடத்தினால் எங்கள் கிளை பியூன்கூடச் சிரிப்பார். இங்கே நடந்திருப்பது அதுதான். பொறுக்குபவனின் சௌகரியம் சிருஷ்டியின் இலக்கணமாகிவிட்டது. கணக்குப்பிள்ளை வியாகரண கர்த்தாவாகிவிட்டார்.

ஃபீல்ட் தம் சூத்திரத்துக்குத் திரும்பத் திரும்ப உதாரணம் காட்டும் படம் 'சைனா டவுன்' (1974). ராபர்ட் டௌன் எழுதி, ரோமன் போலன்ஸ்கி இயக்கியது. அவர் சொல்லும் பக்கங்களில் திருப்பங்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படத்தை நம் மனதில் நிற்கவைப்பது எது? எவலின் சுடப்பட்டுச் சாவதும், அவளுடைய பெண்ணை அந்தக் கிழவன் அணைத்துக்கொண்டு போவதும், எல்லாம் கண்டுபிடித்த துப்பறிகிறவன் கையாலாகாமல் நிற்பதும். டௌன் அப்படி எழுதவில்லை. அவருடைய முடிவில் தீயவனுக்குத் தண்டனை இருந்தது. போலன்ஸ்கி ஒப்புக்கொள்ளாமல் சண்டையிட்டு மாற்றினார். குழந்தையாக இருந்தபோது யுத்தத்தில் தாயை ஆஷ்விட்ஸுக்குக் கொடுத்தவர். 1969இல் கர்ப்பிணி மனைவியைக் கொலைகாரர்களுக்குக் கொடுத்தவர். தீயவன் தண்டிக்கப்படுவான் என்று அவரால் படம் எடுக்க முடியவில்லை. எத்தனையாவது பக்கம் என்பதைப் பற்றிய சண்டையா அது? உலகம் எப்படிப்பட்டது என்பதைப் பற்றிய சண்டை. கதைக்கட்டு அந்தச் சண்டையில் தீர்மானமாயிற்று. இரண்டு முடிவையும் ஸிட் ஃபீல்டின் கோட்டில் ஒரே இடத்தில் மாட்டிவிடலாம். இரண்டையும் ஒன்றாகக் காட்டும் அளவுகோலை வைத்துக்கொண்டு என்னத்தை அளப்பது?

நம் ஊர் சினிமாக்காரர்களை இந்த விஷயத்தில் நான் அவ்வளவு குறை சொல்ல மாட்டேன். இடைவேளை என்ற ஒன்று அவர்களுக்கு இருக்கிறது. ஜனங்கள் எழுந்து வெளியே போய், பாப்கார்ன் வாங்கிக்கொண்டு திரும்பி வர வேண்டும். அதற்காகப் படத்தை நடுவில் ஒடித்து, ஒடித்த இடத்தில் ஒரு பட்டாசைக் கட்டுகிறார்கள். வெளிப்படையான நிர்ப்பந்தம், அதற்குத் தத்துவம் யாரும் சொல்வதில்லை. டிஸ்கஷனில் உட்கார்ந்து 'இன்டர்வெல் பிளாக் இன்னும் பலமா வேணும்' என்று பேசிக்கொள்பவர்கள் தாங்கள் அரிஸ்டாட்டிலின் வாரிசு என்று நினைத்துக்கொள்வதில்லை. சிறுகதை எழுதுகிறவனுக்கு இடைவேளையும் இல்லை, பாப்கார்னும் இல்லை. அவன் ஏன் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அலைய வேண்டும்?

இப்படிக் கேட்டால் ஒரு கோஷ்டி உடனே எழுந்து, 'எல்லாம் நம்மிடம் இருக்கிறது' என்று ஆரம்பிக்கும். இருக்கத்தான் இருக்கிறது. சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை சொல்லும்போது அடியார்க்குநல்லார் நாடகத்தின் ஐந்து சந்திகளைப் பேசுகிறார்: முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். அந்த உரையை 1892இல் உ.வே. சாமிநாதையர் அச்சில் கொண்டுவந்து நூற்றுச் சொச்சம் வருஷமாகிறது. பட்டறை நடத்துபவர்களில் எத்தனை பேர் புரட்டிப் பார்த்திருப்பார்கள்? இதில் தமிழ்ப் பெருமை பேச இடம் அதிகமில்லை. பெயர்களைப் பார்த்தாலே தெரியும், நாட்டிய சாஸ்திரத்து ஐந்து சந்தி. விதை என்ற கருத்தும் அங்கேயே இருக்கிறது. வடமொழி ஆசாரியர்கள் அந்த ஐந்தை அறுபத்து நான்கு உறுப்பாகப் பிரித்து, ஸ்னைடரே வெட்கப்படும்படிக் கட்டம் போட்டிருக்கிறார்கள். ஆகவே கணக்குப்பிள்ளைகள் நம்மிடமும் உண்டு, வெகு காலமாக.

ஆனால் அடியார்க்குநல்லார் அதை விளக்குகிற விதம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. அவர் கோடு கிழிக்கவில்லை. வயலுக்குப் போகிறார். உழுது பண்படுத்திய புழுதியில் போட்ட விதை முளைப்பது முகம். முளைத்தது இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். நாற்று வளர்ந்து உள்ளே பொருளைப் பொதிந்துகொண்டு கருவுற்று நிற்பது கருப்பம். கதிர் விரிந்து, திரண்டு, தலை சாய்ந்து முற்றுவது விளைவு. அறுத்து, போரடித்து, தூற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய் உண்டு மகிழ்வது துய்த்தல். இரண்டு விஷயம் கவனிக்கத்தக்கது. ஒன்று, முகம் விதையிலிருந்து ஆரம்பிக்கவில்லை, உழவிலிருந்து ஆரம்பிக்கிறது. விதை விழுமுன் நிலத்துக்கு ஏதோ நடந்திருக்க வேண்டும். கதையில் முதல் வாக்கியத்துக்கு முன்னால் நடந்து முடிந்த அந்தச் சமாசாரத்துக்குப் பட்டறைத் தாளில் எண் கிடையாது. கோடு ஒன்றாம் பக்கத்தில்தான் புறப்படுகிறது. இரண்டாவது, கடைசிச் சந்தி பயிருடையது அல்ல, உண்பவனுடையது. நாயகன் ஜெயிப்பதோ தோற்பதோ அதில் இல்லை. சாப்பிட்டவன் வயிற்றில் அது என்ன ஆகிறது என்பதில் இருக்கிறது. உரைகாரர் இவ்வளவையும் நினைத்துச் சொன்னாரா என்று கேட்கலாம். அவர் நினைத்தாரோ இல்லையோ, அவர் உவமை நினைக்கிறது. பயிருக்குப் பக்க எண் போட முடியாது. குறுவைக்கு ஒரு காலம், சம்பாவுக்கு ஒரு காலம். இருபத்தைந்தாம் நாள் கதிர் வந்தே தீர வேண்டும் என்று எந்த விவசாயியும் வயல் வரப்பில் நின்று மிரட்டுவதில்லை.

இதுவரை எழுதியதைப் படித்து நம் வட்டத்து நண்பர்கள் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களோடுதான் எனக்குப் பெரிய வழக்கு.

'கதையம்சம்' என்ற வார்த்தையை வசவாக்கியவர்கள் நாம். வியாபாரப் பத்திரிகைகளின் தொடர்கதைகளும், வாரக் கடைசியில் நாயகியைக் கிணற்றங்கரையில் நிறுத்திவிட்டுப் போகும் சாமர்த்தியமும் நமக்கு உண்டாக்கிய குமட்டலில், கதை என்பதையே அவர்களுக்குத் தாரை வார்த்துவிட்டு வந்தோம். பிறகு நம் கையில் மிச்சமிருந்தது மனோநிலை ஒன்றுதான். மௌனி எழுதியது இருபத்துச் சொச்சம் கதைகள். அவற்றைப் பார்த்து எழுதப்பட்டவை இருநூறுக்குக் குறையாது. ஒருவன் ஜன்னலருகே நிற்கிறான். வெளியே மரம். மரத்தில் வெயில், அல்லது வெயில் இல்லை. அவனுக்கு எதுவோ புரிகிறது, நமக்குப் புரியவில்லை. முடிந்தது. மௌனியின் கதையில் ஒரு வாக்கியத்தை எடுத்தால் எங்கோ ஒரு தூண் ஆடும். இவற்றில் பாதியை எடுத்தாலும் ஒன்றும் ஆகாது. முழுவதையும் எடுத்தாலும் ஆகாது என்பதே பல சமயம் உண்மை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் வித்தியாசம் தெரியாத பகுதி முழுமையின் பகுதியே அல்ல என்று அரிஸ்டாட்டில் சொல்கிறார். நாயகன் ஒருவன் என்பதால் கதை ஒன்றாகிவிடாது என்றும் சொல்கிறார். இந்த இரண்டும் பட்டறைக்காரர்கள் மேற்கோள் காட்டாத இடங்கள். நாமும்தான் காட்டுவதில்லை. இரண்டு பேருக்கும் சங்கடம்.

'பதேர் பாஞ்சாலி'யைக் (1955) கதையில்லாத கலைக்கு உதாரணமாக நம்மவர்கள் காட்டிப் பார்த்திருக்கிறேன். ராயிடம் முழுமையான திரைக்கதைப் பிரதி இல்லை, குறிப்புகளும் கோட்டுச் சித்திரங்களும்தான் இருந்தன என்பது ஒரு சாட்சி. விபூதிபூஷணின் நாவலில் உள்ள, பாதை தெரியாமல் அலையும் தன்மையை விட்டுவிடக் கூடாது என்று ராயே எழுதியது இன்னொரு சாட்சி. சரி. படத்தைப் பாருங்கள். பாசிமணி மாலை ஒன்று காணாமல் போகிறது. பக்கத்து வீட்டுக்காரி வந்து துர்கா திருடினாள் என்கிறாள். துர்கா இல்லை என்கிறாள். தாய் மகளைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து அடித்து வெளியே தள்ளுகிறாள். அதோடு போயிற்று. பிறகு எவ்வளவோ நடக்கிறது: காஷ் புல்வெளிக்கு அப்பால் ரயில் போகிறது, திரும்பும் வழியில் மூங்கில் தோப்பில் கிழவி செத்து உட்கார்ந்திருக்கிறாள், மழை வருகிறது, துர்கா சாகிறாள். கடைசியில் ஊரை விட்டுப் போக மூட்டை கட்டும்போது அபு மேலே துழாவுகிறான். அங்கே ஒரு சிரட்டையில் அந்த மாலை. எடுத்துக்கொண்டு ஓடிக் குளத்தில் எறிகிறான். பாசி விலகுகிறது, மெள்ள மூடிக்கொள்கிறது.

இதைக் கதைக்கட்டு என்று சொல்லாமல் வேறெதைச் சொல்வது? விதைக்கும் கதிருக்கும் நடுவில் ஏறக்குறைய முழுப் படமும் கிடக்கிறது. அந்த நீளம் வேண்டும். நடுவில் நாம் மாலையை மறந்திருக்க வேண்டும். அக்காள் திருடிதான் என்று தெரியும் நேரத்தில் அவளைக் கோபித்துக்கொள்ள அவள் இருக்கக் கூடாது. தம்பி ஒரு சொல்லும் பேசாமல் சாட்சியத்தை அழிக்க வேண்டும். 'அலைந்து திரிகிற' படமாம்! அலைந்தது ராய் அல்ல, நம் கவனம். அதை அலையவிட்டவர் அவர். இருபத்தைந்தாம் பக்கத்துத் திருப்பத்தைவிட இது நூறு மடங்கு கடுமையான கட்டு. பிரதி இல்லாமலிருந்தது உண்மை. கட்டு இல்லாமலிருக்கவில்லை.

புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' அவளுடைய சாவில் ஆரம்பிக்கிறது. மூச்சு அடங்கியாயிற்று, பிரமநாயகம் பிள்ளை பக்கத்தில் இருக்கிறார். இனிமேல் 'பிழைப்பாளா' என்று யாரும் கேட்க முடியாது. பட்டறைத் தாளின்படி அந்தச் சாவு கடைசியில் வர வேண்டியது. டாக்டர், மருந்து, ஜவுளிக்கடை முதலாளியிடம் முன்பணம் என்று நம்மை ஓடவிட்டு, மூச்சைப் பிடிக்கவைத்து, அப்புறம் கொன்றிருக்கலாம். புதுமைப்பித்தன் அந்தச் சந்தேகத்தை முதலிலேயே பிடுங்கி எறிந்துவிட்டார். அதனால் என்ன ஆகிறது? அதற்குப் பிறகு பிள்ளையவர்கள் செய்யும் ஒவ்வொரு பணிவிடையும், ஒவ்வொரு சமையலும், வீண் என்று தெரிந்தபடியே நாம் பார்க்க வேண்டியிருக்கிறது. பிழைப்பாளா என்ற கேள்வி போய், இத்தனை வருஷம் இவர்கள் இருவரும் எப்படிச் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்ற கேள்வி வருகிறது. பாரதக் கூத்துப் பார்க்கிறவனுக்கு இது புதிதல்ல. துச்சாதனன் துகிலைப் பிடித்து இழுப்பான் என்று தெரிந்துதான் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறான்.

அசோகமித்திரனைப் 'பெரிதாக எதுவும் நடக்காதவர்' என்று நாம் பாராட்டிப் பாராட்டியே ஒரு தலைமுறையைக் கெடுத்திருக்கிறோம். '18வது அட்சக்கோடு' (1977) முடிகிற இடத்தை நினைத்துப் பார்க்கட்டும். கலவரத்தின் நடுவே ஒரு வீட்டுக்குள் போய்விடும் சந்திரசேகரன் முன்னால், தன் குடும்பத்தை விட்டுவிடச் சொல்லி ஒரு சிறு பெண் உடையைக் களைந்து நிற்கிறாள். அவன் ஓடுகிறான். அதுவரை வந்த கிரிக்கெட், சைக்கிள், லான்சர் பாரக்ஸ் அண்டைவீட்டு உரசல்கள், காலேஜ் சில்லறைகள் எல்லாம் அந்த ஓட்டத்துக்கு முன்னால் நடந்த உழவு. உழவை மட்டும் பார்த்துவிட்டு, 'ஆஹா, ஒன்றுமே விதைக்கவில்லை, என்ன நவீனம்!' என்று நாம் எழுதினோம். (நானும் எழுதியிருக்கிறேன். எங்கே என்று தேட வேண்டாம். நல்ல வேளை, அந்தப் பத்திரிகை நின்றுவிட்டது.)

நண்பர் பட்டறைக்குப் போனதற்கு நாமும் பொறுப்பு என்று நான் நினைப்பது இதனால்தான். இரண்டு வருஷத்துக்கு முன் அவர் கதையைக் கேட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தோம் என்றேனே, அதற்குப் பிறகு பேசியபோது என்ன சொன்னோம்? 'சூழல் நன்றாக வந்திருக்கிறது.' 'மொழி சுத்தமாக இருக்கிறது.' 'இருத்தலின் அபத்தம்.' (கடைசியாகச் சொன்னவன் நான்.) அந்தக் கதை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. எந்திரம் மூன்று முறை மறுத்தது ஏன், ஒரே முறை மறுத்திருந்தால் பஸ்ஸில் அந்தக் கேள்வி ஏன் எழும்பியிருக்காது, பாங்க்கிலிருந்து ஸ்டாப்புக்கு முன்புவரை அவள் பேசாமல் வந்தது ஏன், கேட்டது மகளிடமில்லாமல் மருமகளிடமாக இருப்பதால் அந்த 'நம்பிட்டாங்களா'வில் என்ன கூடுகிறது என்று யாராவது வாய் திறந்து சொல்லியிருந்தால், தம்மிடம் கட்டுமானம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். புதுக் கதையில் கலெக்டரை எடுத்துவிட்டு மந்திரியை வைக்கலாம், வக்கீலை எடுத்துவிட்டுப் பத்திரிகை நிருபரை வைக்கலாம், ஒன்றும் சாயாது. பழைய கதையில் அந்த மூன்று முறையை இரண்டாக்க முடியாது. இதைச் சொல்லத் தெரியாத விமர்சகர்களான எங்களிடமிருந்து, பக்க எண் போட்டுச் சொல்லத் தெரிந்தவர்களிடம் அவர் போனார். குறைந்தபட்சம் அவர்கள் ஏதோ ஒன்றைச் சொன்னார்கள்.

பழைய பிரதியின் ஜெராக்ஸ் என்னிடம் இருக்கிறது. அதைப் போடச் சொல்லி ஆசிரியரிடம் கேட்டேன், அவருக்குச் சம்மதம். நண்பருக்குச் சம்மதமில்லை. "அதில் ஒண்ணும் நடக்கலையேப்பா" என்கிறார். புதிய பிரதியைக் குறும்படமாக எடுக்க ஒருவர் கேட்டிருக்கிறாராம். கிணறு தேடிக்கொண்டிருக்கிறார்கள், ஆட்டுக்குட்டி கிடைத்துவிட்டதாம்.